படித்தவளுக்கு யார் வாசிப்பது?

குளியலறைக் கதவுக்கு வெளியே அத்தையை நிற்க வைத்துவிட்டு அல்லவா போன வாரம் வந்தோம். உள்ளே குழாய் திறந்திருந்தது. வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. வாயில் துணியை வைத்து அமுக்கிக்கொண்டு அழுதால் வருமே, அது.

அத்தை கதவைத் தட்டவில்லை. தட்டினால் மருமகள் என்ன சொல்வாள் என்பது அவளுக்குத் தெரியும். "ஒண்ணுமில்ல அத்தை, தலைவலி." ஆறு வாரமாக அந்த வீட்டில் அதிகம் புழங்கிய வார்த்தை அந்த "ஒண்ணுமில்ல"தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. மருமகள் பிரசவ வார்டில் நர்ஸ், பதினோரு வருஷ சர்வீஸ். வார்டிலும் சிஸ்டர், குடியிருக்கிற மாடிகளிலும் சிஸ்டர். கட்டிய புருஷனே கோபம் வந்தால், "சரிங்க சிஸ்டர்" என்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவனைப் பெற்ற அத்தை சலவைக்கடையில் முப்பது வருஷமாக இஸ்திரி போடுகிறவள். எழுத்து வாசனை கிடையாது. எந்தச் சட்டை யாருடையது என்பதைக் காலருக்குள் தைத்திருக்கும் கலர் நூலைப் பார்த்துச் சொல்வாள். இன்றுவரை ஒரு சட்டை ஆள் மாறிப் போனதில்லை. இவர்கள் மூன்று பேருக்கும் நடுவில் வந்து பிறந்த பெண் குழந்தைக்கு இப்போதைக்கு உருண்டை என்று பெயர்.

இன்று உருண்டைக்கு நாற்பத்திரண்டாம் நாள். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டிய நாள்.

காலையில் லிஃப்ட்காரன் பூட்ஸ் மாட்டிக்கொண்டே பேசினான். அன்று ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் கம்பி வடம் மாற்றுகிற வேலை. மதியத்துக்கு மேல்தான் வர முடியும், ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியோடு நிற்கிறேன் என்றான். போகிற போக்கில் முக்கியமானதையும் சொன்னான்.

"இன்னிக்கு மேட்ரன் இருப்பாங்க. கொஞ்சம் சிரிச்ச முகமா போம்மா. இன்சார்ஜ் போஸ்டுக்கு இந்த வாரம்தான் ஃபைல் மேல போகுது."

அவள் தலையாட்டினாள்.

வார்டு இன்சார்ஜ் என்றால் சும்மா இல்லை. முப்பது படுக்கை, ஒன்பது நர்ஸ், எல்லாவற்றுக்கும் இவள் பொறுப்பு. அதற்காக அவள் வேலையோடு வேலையாக இரண்டு வருஷம் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறாள். நிறைமாதத்தில், மேஜை வயிற்றை இடிக்க இடிக்க உட்கார்ந்து எழுதிய பரீட்சை. அவன் ஆசைப்பட்டதில் தப்பே கிடையாது. அவன் கெட்டவனும் கிடையாது. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், பேசிக்கிட்டே இருங்க" என்று முகம் தெரியாதவர்களுக்கு அரை மணி நேரம் தைரியம் சொல்கிற மனுஷன். வீட்டிலும் ஒருத்தி மாட்டிக்கொண்டு நிற்பாள் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்? அவள்தான் எல்லாம் தெரிந்தவளாயிற்றே.

அங்கேதான் அந்த வீடு முழுக்கச் சறுக்கியது. குழந்தைக்கு வயிறு உப்பினால், "சிஸ்டருக்குத் தெரியாததா?" பால் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தால், "அவளே பாத்துப்பா." பிரசவமாகி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மேல்மாடியில் இருக்கிற தபால்காரர் மனைவி தன் மகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து, இவள் படுக்கையிலேயே விரித்து வைத்துச் சந்தேகம் கேட்டாள். தையல் வலியோடு இவளும் விளக்கம் சொன்னாள். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, நர்ஸுக்கு வந்த சீக்கை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அத்தையின் பங்கு வேறு விதம். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, குழந்தை சிணுங்குவதற்குள் வந்து தூக்கிவிடுவாள். "நீ படு, நான் பாத்துக்கறேன். நான் மூணு பெத்தவ." அவள் தோளுக்குப் போனதும் குழந்தை அடங்கிவிடும். படுக்கையில் கிடக்கிறவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆயிரம் பிள்ளைகளைத் துடைத்துச் சுற்றித் தாயின் கையில் கொடுத்தவள், தன் பிள்ளை தன் கையில் மட்டும் அடங்காததைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

படி இறங்கும்போது தபால்காரர் மனைவி வழியில் நின்றாள்.

"என்ன சிஸ்டர், நேத்தும் ராத்திரி பூரா கச்சேரியா? நர்ஸு பெத்த பிள்ளையே இப்படின்னா, எங்களைக் கேக்கவா வேணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவளும் சிரித்தாள். அத்தைக்கு மட்டும் அந்தச் சிரிப்பு, கஞ்சி அதிகமாகப் போட்டு இஸ்திரி செய்த துணி மாதிரி விறைப்பாக இருப்பது கண்ணில் பட்டது.

ஆஸ்பத்திரியில் முதல் மாடி, பதினான்காம் நம்பர் அறை. நாலு நாற்காலி, ஒரு எடைத் தராசு, பச்சைத் திரை போட்ட ஒரு மூலை. அந்த அறைக்கு இப்போது பொறுப்பாக இருப்பவள் சின்ன சிஸ்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊசி பிடிக்கக் கை நடுங்கிய பெண்ணை உட்கார வைத்துப் பழக்கிவிட்டதே நம் மருமகள்தான். அதனால் "அக்கா" என்று ஓடி வந்தாள், குழந்தையை வாங்கினாள், எடை போட்டாள், கன்னத்தைக் கிள்ளாமல் கிள்ளினாள். எடை நன்றாக ஏறியிருந்தது. மேட்ரனும் எட்டிப் பார்த்து, ஃபைல் வெள்ளிக்கிழமை போகிறது, பதினைந்தாம் தேதி டியூட்டிக்கு வந்துவிடுவாய்தானே என்று கேட்டுவிட்டுப் போனாள். வந்துவிடுவேன் என்று இவளும் சொன்னாள்.

பிறகு அந்தத் தாள் வந்தது.

ஒரே பக்கம். பத்துக் கேள்வி. பிரசவத்துக்குப் பிறகு தாயின் மனசு எப்படி இருக்கிறது என்று பார்க்கிற தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம்: ஒருநாளும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஒரு எண். கூட்டினால் பத்துக்கு மேல் போகிறவர்களை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். சுவரில் ஒரு அட்டை தொங்கியது: 'படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே நிரப்பலாம். தெரியாதவர்களுக்கு நர்ஸ் வாசித்துக் கேட்டுக் குறிக்க வேண்டும்.' அட்டையில் இருந்தது மருமகளின் கையெழுத்து.

"உங்களுக்கு என்னக்கா, நீங்களே போட்டுக் குடுத்துடுங்க" என்று சின்ன சிஸ்டர் தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டு, அடுத்து வந்தவளைத் திரைக்குள் அழைத்துப் போனாள்.

இப்படிப்பட்ட தப்பைப் பழகிய இடத்தில்தான் செய்ய முடியும். வேறு ஆஸ்பத்திரியாக இருந்தால் கொஞ்சமாவது முகத்தைப் பார்த்திருப்பார்கள். இங்கே முகம் ரொம்பப் பழக்கம்.

மருமகள் எடைத் தராசு இருந்த மேஜையிலேயே தாளை வைத்துக் குறித்தாள். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுகிற அளவு அவள் விவரம் கெட்டவளா? பூஜ்யம் வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். தூக்கத்துக்கு ஒரு 'எப்போதாவது'. அசதிக்கு ஒரு 'எப்போதாவது'. பதற்றத்துக்கு ஒன்று, அழுகைக்கு ஒன்று. மொத்தம் நாலு. பார்க்கிறவர்களுக்கு, பச்சை உடம்புக்காரி, கொஞ்சம் களைப்பு, மற்றபடி சுகம் என்று தோன்றும். பத்தாவது கேள்வியில் மட்டும் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு 'ஒருநாளும் இல்லை' என்ற கட்டத்தில் குறி விழுந்தது.

ஏன் பொய் சொன்னாள் என்று கேட்டால், அவளுக்கு நியாயம் இருந்தது. இந்தத் தாளில் எண் ஏறியவளிடம் நாளைக்கு யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? பச்சைக் குழந்தைகளுக்கு நடுவில் முப்பது படுக்கைக்குப் பொறுப்பாக அவளை யார் வைப்பார்கள்? தன் பிள்ளையையே தூக்கப் பயப்படுகிறவள் என்று ஒன்பது நர்ஸும் கூடிப் பேசினால், அந்த வார்டில் அவள் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்?

அத்தை குழந்தையோடு திரைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒட்டுக் கேட்க வேண்டும் என்று இல்லை. திரை துணிதானே, அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் இந்தப் பக்கம் கேட்டது.

உள்ளே போனவள் செங்கல் சூளையில் வேலை செய்கிற பெண். இருபது வயசுகூட இருக்காது. பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அவளுக்குச் சின்ன சிஸ்டர் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். வாசித்துவிட்டுக் காத்திருந்தாள். குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா? காரணமே இல்லாமல் பயம் வருகிறதா? உதவி வேண்டும் என்றால் கேட்கிற மாதிரி வீட்டில் ஆள் உண்டா? இந்தப் பிள்ளையை உன்னால் வளர்க்க முடியும் என்று தோன்றுகிறதா?

முதலில் அந்தப் பெண் "ம்", "ம்ஹூம்" என்றுதான் சொன்னாள். நாலாவது கேள்வியில் குரல் உடைந்தது. அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. சூளையில் புகை என்றாள், மாமியார் பேசுவதில்லை என்றாள், பெண் பிறந்ததிலிருந்து புருஷன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள். சின்ன சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் முகம் வீங்கியிருந்தது. ஆனால் பாரத்தை இறக்கி வைத்த முகமாக இருந்தது. ஆயா ஒருத்தி அவளைக் கையைப் பிடித்து டாக்டர் அறைக்குக் கூட்டிப் போனாள்.

சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் ஓடியிருந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அத்தைக்கு மணி பார்க்கத் தெரியும்.

அந்தக் கேள்விகள் அவளைப் பழைய நாளுக்கு இழுத்துக்கொண்டு போயின. அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த சமயம். யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் காலையில், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். பஸ் வந்தது, போனது. எதில் ஏறுவது என்று படிக்கத் தெரியாததால்தான் ஏறவில்லை. சாயங்காலம் எழுந்து வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். புருஷன் திமிர் என்றார். அம்மா, சோம்பேறித்தனம் என்றாள். உதவி கேட்க ஆள் உண்டா என்று அன்றைக்கு யாராவது வாசித்திருந்தால்? இத்தனை வருஷமும் அது தன் புத்திக் கோளாறு என்றே நினைத்திருந்தாள். அதற்கு ஒரு தாள் இருக்கிறது, தாளில் கேள்வி இருக்கிறது, அப்படியானால் அது இன்னும் நிறையப் பேருக்கு வருகிறது.

மருமகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போலாமா அத்தை?"

"நீ குடுத்த தாள்ல என்ன போட்ட?"

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன்."

"சரின்னா?"

"உங்களுக்கு அதெல்லாம் புரியாது அத்தை. வாங்க."

எப்போதும் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அத்தை அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, நேராகச் சின்ன சிஸ்டரிடம் போனாள். சின்ன சிஸ்டர் ரெஜிஸ்டரைத் திறந்து, மருமகளின் பெயருக்கு நேரே நாலு என்று எழுதப் பேனா மூடியைத் திறந்திருந்தாள்.

"ஒரு சந்தேகம்மா. படிக்கத் தெரியாதவங்களுக்கு நீயே வாசிச்சுக் கேப்பியாமே?"

"ஆமாம்மா. ஏன், யாருக்கு?"

"இவளுக்கு."

சின்ன சிஸ்டர் சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை.

"இவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு வெச்சுக்கோ."

"அத்தை, என்ன இது?" மருமகள் குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் கூர்மையாக இருந்தது. "எல்லாரும் பாக்கறாங்க. நான் வேலை செய்யற இடம் இது."

"பாக்கட்டும். அந்தச் சூளைக்காரப் பொண்ணு இந்தத் தாளுக்கு அரை மணி நேரம் எடுத்துச்சு. நீ தராசு மேஜையில வெச்சு ஒரு நிமிஷத்துல முடிச்சிட்ட. அதுல கேட்டிருக்கறது எதுவும் ஒரு நிமிஷத்துல சொல்றது இல்லையே."

மருமகள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"படிக்காதவளை எதிர்ல உக்கார வெச்சு, கண்ணைப் பாத்துக் கேக்கறீங்க. படிச்சவ கையில காயிதத்தைக் குடுத்து ஒதுக்கிடறீங்க. இவ என்ன பாவம் பண்ணா?"

 பாவம், சின்ன சிஸ்டர் நிலைமையும் இக்கட்டுதான். தனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவளை உட்கார வைத்து, நீ அழுகிறாயா என்று எப்படிக் கேட்பது? அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே போட்டிருந்த பவுடர், கழுத்தெலும்பு தெரிகிற கழுத்து, பையின் வாரைப் பிடித்திருந்த விரல்களில் நகத்தைச் சுற்றிக் கடித்த புண்.

நாலு என்று எழுதாமல் பேனாவை மூடினாள்.

"வாங்கக்கா. ரெண்டு நிமிஷம் உள்ள உக்காருங்க."

"நீயுமா?"

"ரெண்டு நிமிஷம்தான்கா."

மருமகள் திரைக்குள் போனாள். அத்தை தன் நாற்காலியில் உட்காரவில்லை. முன்னே ஒருத்தியின் பேச்சு காதில் விழுந்ததே போதும் என்று, குழந்தையை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்கு, மாடிப்படி ஓரத்துக்குப் போய்விட்டாள். சில பேச்சு கேட்கக் கூடாதது. மாமியாராக இருந்தால் இன்னும் கூடாதது.

முதல் மூன்று கேள்விக்கும் மருமகள் தாளில் போட்டதையே சொன்னாள். வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"அக்கா, நான் பழைய தாளைக் கிழிச்சுட்டேன். அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள் சின்ன சிஸ்டர். "காரணமே இல்லாம பயம் வருதா?"

மருமகள் அந்தப் பத்துக் கேள்வியையும் தலைகீழாக ஒப்பிப்பாள். இந்தக் கேள்வியை முன்னூறு பேரிடமாவது கேட்டிருப்பாள். ஆனால் அதைக் காதால் கேட்பது வேறாக இருந்தது. இன்னொரு வாயிலிருந்து, தன்னைப் பார்த்துக்கொண்டே வந்த கேள்வி, சதையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"குழந்தையைக் குளிப்பாட்டப் பயமா இருக்கு" என்றாள். "கை நழுவிடுமோன்னு. எனக்கு. நான் எத்தனை குழந்தைய குளிப்பாட்டியிருக்கேன். தண்ணியத் திறந்து விட்டுட்டு நின்னுக்கிட்டே இருக்கேன்."

"உதவி கேக்க ஆள் இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க. கேக்கத்தான் முடியல."

"ஏன்கா?"

"எல்லாரும் என்கிட்டதானே கேக்கறாங்க."

அதற்குப் பிறகு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சத்தமே இல்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். உருண்டை அவளைப் பார்த்தால் அடையாளம் தெரியாத மாதிரி பார்க்கிறதாம். அத்தை தூக்கினால் அடங்குகிறதாம். நான் இல்லாவிட்டாலும் அது நன்றாகவே வளரும், இன்னும் நன்றாக வளரும் என்று தினமும் மதியம் மூன்று மணிக்குத் தோன்றுகிறதாம். ஏன் மூன்று மணி என்று தெரியவில்லையாம்.

சின்ன சிஸ்டர் பத்தாவது கேள்வியை வாசித்தாள்.  ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். செத்துப் போய்விட்டால் தேவலை என்று தோன்றியதுண்டா?

பையின் வாரை விட்டுவிட்டு மருமகள், "அடிக்கடி" என்றாள்.

சின்ன சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறொன்றும் செய்யவில்லை. கற்றுக் கொடுத்தவள் அப்படித்தான் கற்றுக் கொடுத்திருந்தாள்: இந்தப் பதில் வந்தால், முதலில் பேனாவைக் கீழே வை.

கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது வந்தது.

ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு சின்ன சிஸ்டர் தயங்கினாள். ஃபைல் வெள்ளிக்கிழமை போகிற விஷயம் அவளுக்கும் தெரியும். டாக்டரிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம், இதில் இப்போதைக்கு எழுத வேண்டாமே என்று அவள் சொல்ல வந்தாள். மருமகளும் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் வரியில் சூளைக்காரப் பெண்ணின் பெயர் இருந்தது. நேரே பதினேழு என்று பளிச்சென்று எழுதியிருந்தது. அவளுக்கு மறைக்க ஃபைல் எதுவும் இல்லை.

"பேனாவ இங்க குடு" என்றாள் மருமகள்.

தன் பெயருக்கு நேரே பத்தொன்பது என்று எழுதினாள். எண்ணாலும் எழுதினாள், எழுத்தாலும் எழுதினாள். யாராலும் திருத்த முடியாதபடி வார்டில் மருந்து அளவை எழுதுவார்களே, அப்படி.

டாக்டர் அன்றைக்கே பார்த்தார். அதிகம் பேசாத பெண்மணி. இது உன் குணம் இல்லை, நோய். குணமாகிற நோய் என்றார். மாத்திரை எழுதினார். இனி ஒவ்வொரு வியாழக்கிழமையும் வர வேண்டும், இந்த இரண்டு வாரமும் இவளை ஒரு பொழுதும் தனியாக விடக் கூடாது, வீட்டு ஆண்பிள்ளைக்கும் இன்றைக்கே தெரிய வேண்டும் என்றார்.

"அவன்கிட்ட நான் சொல்றேன்" என்றாள் அத்தை.

"வேண்டாம் அத்தை. நானே சொல்றேன்."

ஐந்து மணிக்கு லிஃப்ட்காரன் சொன்னபடி வாசலில் நின்றான். கையில் கிரீஸ் கறை. மனைவியின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் முதலில் பயந்தது குழந்தைக்காகத்தான். எடை குறைந்துவிட்டதா, ஏதாவது சொன்னார்களா என்று கேட்டான். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் என்றாள் அவள். நோயின் பெயரைச் சொன்னாள். மாத்திரைச் சீட்டைக் காட்டினாள்.

அவன் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"ரெஜிஸ்டர்ல ஏறிடுச்சா?"

அவள் அவனைப் பார்த்தாள். ஆறு வாரம் கழித்து வாயைத் திறந்து சொன்னதற்கு, கட்டியவன் கேட்ட முதல் கேள்வி.

"ஏறிடுச்சு. நான்தான் எழுதினேன்."

"நீயேவா? ஏம்மா, ரெண்டு வருஷப் படிப்பு." அவன் கத்தவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. "சரி, சின்ன சிஸ்டர் நம்ம பொண்ணுதானே. நான் போய்ப் பேசறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பக்கத்த யார்கிட்டயும் காட்ட வேண்டாம்னு சொல்றேன். அவ்ளோதானே. அப்புறம் வைத்தியம் பாத்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே படியேறினான். மூன்றாவது படியில் அத்தை நின்றாள், குழந்தையோடு.

"அம்மா, வழிய விடு."

அத்தை வழியை விடவில்லை. குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.

"பிடிடா. ரெண்டு கையாலயும் பிடி. தலைய விட்டுடாத."

நாற்பத்திரண்டு நாளில் அவன் குழந்தையைத் தூக்கியதெல்லாம் போட்டோவுக்கும், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கும்தான். கறைபட்ட கையில் அது நெளிந்தது. நெளிந்து, அழத் தொடங்கியது. அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் கையை நீட்டவில்லை. மனைவியைப் பார்த்தான். அவளும் நீட்டவில்லை. இந்தப் பிள்ளை தன் கையில் அடங்காதபோது ஒரு மனுஷிக்கு என்ன தோன்றும் என்று, கேள்வி எதுவும் இல்லாமலேயே, ஐந்து நிமிஷம் அவன் அந்தப் படியில் நின்று தெரிந்துகொண்டான்.

மேலே பதினான்காம் அறையின் ஜன்னலை யாரோ சாத்தினார்கள்.

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காருங்க. பத்துக் கேள்வி இருக்கு. பத்துக்கும் நான் என்ன சொன்னேன்னு சொல்றேன். அதைக் கேட்டுட்டு, அப்புறமும் மேல போகணும்னு தோணுச்சுன்னா போங்க."

அவன் அழுகிற பிள்ளையோடு மெல்ல உட்கார்ந்தான்.

அவள் பத்தாவதிலிருந்து ஆரம்பித்தாள்.